போன் காலைப் பதிவு செய்வது எப்படி? ஆப் தேடும் முன் உங்கள் டயலரைப் பாருங்கள்

வீட்டுக்குப் பின்பக்கம் ஓர் அறை கட்டினோம். மேஸ்திரியோடு பேச்செல்லாம் போனில்தான். வேலை முடிகிற நேரத்தில், தண்ணீர்த் தொட்டி மொத்தத் தொகையில் சேர்த்தியா, தனியா என்று தகராறு வந்தது. "சேர்த்துத்தான்னு நீங்களே சொன்னீங்களே மேஸ்திரி" என்றேன். "நான் எப்ப சார் சொன்னேன்?" என்றார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அந்தக் காலை நான் பதிவு செய்து வைத்திருந்தேன்.

போனை எடுத்துப் பார்த்தால் பதிவு இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால், போன் மெதுவாக இருக்கிறது என்று அக்கா மகனிடம் கொடுத்திருந்தேன். அவன் கண்ணில் பட்ட ஆப்புக்கெல்லாம் 'க்ளியர் டேட்டா' கொடுத்திருக்கிறான். நம்பர் அழுத்திப் பேசுகிற டயலரும் அதில் ஒன்று. பதிவு அதற்குள்தான் இருந்தது. தொட்டிக்கான 38 ஆயிரம் ரூபாய் என் கையை விட்டுப் போனது.

அதனால் இந்த வழிகாட்டியில் பாதிதான் பதிவு செய்வதைப் பற்றியது. மீதிப் பாதி, பதிவு செய்ததைத் தொலைக்காமல் வைப்பதைப் பற்றியது. முதல் பாதி எல்லோருக்கும் பத்து நிமிடத்தில் வந்துவிடும். இரண்டாவதில்தான் என்னைப் போல ஏமாறுவார்கள்.

பிளே ஸ்டோரில் தேடாதீர்கள்

'கால் ரெக்கார்டர்' என்று பிளே ஸ்டோரில் அடித்தால் வரிசையாக ஆப்கள் வரும். சிவப்பு வட்டம், போன் படம், நாலரை நட்சத்திரம். பதிவிறக்கிப் பேசிப் பார்த்தால் உங்கள் குரல் கணீரென்று கேட்கும். எதிர்முனையில் பேசியவர் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போலக் கேட்கும், அல்லது கேட்கவே கேட்காது. இதற்கு ஆப் செய்தவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆண்ட்ராய்டே அப்படித்தான் ஆகிவிட்டது.

2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-இலிருந்தே, வெளி ஆப்கள் காலைப் பதிவு செய்வதற்கான நேர்வழியை கூகுள் எடுத்துவிட்டது. குறுக்குவழிகளில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2018-இல் ஆண்ட்ராய்டு 9 வந்தபோது அவற்றில் பலவும் அடைபட்டன. மிச்சம் இருந்தது ஒரு வழி: பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் போனைப் பயன்படுத்த உதவும் 'அக்சசிபிலிட்டி' அனுமதியை வாங்கி, அதன் வழியாகக் காலைப் பிடிப்பது. 2022 மே 11 முதல் அதையும் பிளே ஸ்டோர் விதியில் தடை செய்துவிட்டார்கள். ட்ரூகாலர் அப்போதுதான் ரெக்கார்டிங்கை நிறுத்தியது. 2024-இல் இந்தியாவில் அது திரும்பி வந்தது, ஆனால் பணம் கட்டும் சந்தாதாரர்களுக்கு மட்டும்.

காலின் இரு பக்க ஒலியையும் நேராக எடுக்கும் உரிமை இப்போது போனோடு சேர்ந்து வரும் சிஸ்டம் ஆப்களுக்குத்தான். அதாவது, நீங்கள் தினமும் நம்பர் அழுத்துகிற டயலருக்கு. அது இலவசம், விளம்பரம் கிடையாது, ஏற்கெனவே உங்கள் போனில் இருக்கிறது. நான் பரிந்துரைக்கும் இலவச ஆப் அதுதான்.

உங்கள் டயலர் எது?

இந்தியாவில் விற்கும் ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, கூகுளின் 'போன்' ஆப். மோட்டோரோலா, நோக்கியா, ரெட்மி, போக்கோ என்று பல போன்களில் இதுதான் வரும். இன்னொன்று, போன் கம்பெனியின் சொந்த டயலர். சாம்சங்கில் எப்போதும் சொந்த டயலர்தான். ஒப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் போன்களில் மாடலைப் பொறுத்து இதுவோ அதுவோ இருக்கும்.

எது என்று தெரியாவிட்டால், டயலர் ஐகானை அழுத்திப் பிடியுங்கள். 'ஆப் இன்ஃபோ' என்று வரும். உள்ளே போய்க் கீழே தள்ளி, 'ஆப் டீட்டெயில்ஸ்' என்பதைத் தட்டினால் ஸ்டோர் பக்கம் திறக்கும். ஆப் பெயருக்குக் கீழே 'கூகுள் எல்எல்சி' என்று இருந்தால் கூகுள் டயலர்.

கூகுள் டயலரில்

ஆண்ட்ராய்டு 9-ஓ அதற்கு மேலோ இருக்க வேண்டும், ஆப்பும் புதுப் பதிப்பாக இருக்க வேண்டும். போன் ஆப்பைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி 'செட்டிங்ஸ்' போங்கள். சில பதிப்புகளில் மூன்று கோடுகள் இடது மூலையில் இருக்கும். அங்கே 'கால் ரெக்கார்டிங்' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் உங்கள் போனுக்கோ நீங்கள் இருக்கும் நாட்டுக்கோ அந்த வசதி திறக்கப்படவில்லை என்று அர்த்தம். யூடியூபில் சொல்வது போல வேறு ஏபிகே (ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் ஆப் ஃபைல்) போட்டு அதை வரவழைக்க மெனக்கெட வேண்டாம்.

இருந்தால், உள்ளே இரண்டு வசதிகள் உண்டு. உங்கள் கான்டாக்டில் இல்லாத நம்பர்களை எல்லாம் தானாகப் பதிவு செய்யலாம். அல்லது குறிப்பிட்ட சிலரை மட்டும் தேர்ந்தெடுத்து, அவர்களோடு பேசும்போதெல்லாம் பதிவாகும்படி வைக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். மேஸ்திரி, கடன் விஷயமாகப் பேசுபவர், இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்று நாலைந்து பேரை மட்டும் போட்டு வைத்தால் போதும். முன்பின் தெரியாத நம்பரை எல்லாம் பதிவு செய்தால், கூரியர்காரர் "சார் வீட்ல இருக்கீங்களா?" என்று கேட்பதுதான் நூறு தடவை சேரும்.

அந்தப் பக்கத்திலேயே, பதிவுகளை எத்தனை நாளில் தானாக அழிக்க வேண்டும் என்று ஒரு தேர்வு இருக்கும். 7 நாள், 14 நாள், 30 நாள், அல்லது எப்போதுமே வேண்டாம். இப்போதே அதைத் திறந்து பாருங்கள். கட்டட வேலைத் தகராறு முப்பது நாளுக்குள் வராது. 'நெவர்' என்பதில் வையுங்கள்.

தானாக வேண்டாம், தேவைப்படும்போது மட்டும் போதும் என்றால், காலில் இருக்கும்போது திரையில் 'ரெக்கார்ட்' பொத்தான் தெரியும். சில பதிப்புகளில் 'மோர்' என்பதற்குள் ஒளிந்திருக்கும். எதிரில் உள்ளவர் எடுத்த பிறகுதான் அது வேலை செய்யும். காலை ஹோல்டில் போட்டாலும் பதிவு நின்றுவிடும். முதல் தடவை, சட்டப்படி நடப்பது உங்கள் பொறுப்பு என்று ஒரு எச்சரிக்கைப் பெட்டி வரும்.

பொத்தானை அழுத்தியதும் இந்தக் கால் பதிவு செய்யப்படுகிறது என்று ஒரு குரல் அறிவிக்கும். இரண்டு பேருக்கும் கேட்கும். நிறுத்தும்போதும் அறிவிக்கும். இந்தக் குரலை எப்படி ஊமையாக்குவது என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. சொல்லித் தர மாட்டேன். நல்லவன் வேஷம் போடுவதற்காக இல்லை. அந்தக் குரல் வந்த பிறகு ஒருவர் ஒரு தொகையைச் சொன்னால், 'எனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டான்' என்று அவர் பிறகு சொல்ல வாய்ப்பே இல்லை. அந்தக் குரல் உங்கள் பக்கத்துச் சாட்சி.

பதிவைக் கேட்க, 'ரீசென்ட்ஸ்' பட்டியலில் அந்த அழைப்பைத் தொட்டு வரலாற்றுக்குள் போக வேண்டும். அங்கே பிளே பொத்தானும், பக்கத்தில் பகிர்வதற்கான குறியும் இருக்கும். பலரும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. கூகுள் டயலர் இந்த ஃபைல்களைத் தன் சொந்த அறைக்குள் பூட்டி வைத்துக்கொள்ளும். ஃபைல் மேனேஜரில் தேடினால் அகப்படாது. கூகுள் டிரைவுக்கும் தானாகப் போகாது. போனை ரீசெட் செய்தாலும் சரி, டயலருக்கு 'க்ளியர் டேட்டா' கொடுத்தாலும் சரி, எல்லாம் போய்விடும். என் அக்கா மகன் செய்தது இதைத்தான். முக்கியமான பதிவு என்றால், கால் முடிந்த அன்றே பகிர்வுக் குறியைத் தொட்டு வெளியே எடுத்துவிடுங்கள்.

சாம்சங்கும் மற்றவையும்

சாம்சங்கில் போன் ஆப்பைத் திறந்து மூன்று புள்ளிகள், 'செட்டிங்ஸ்', 'ரெக்கார்ட் கால்ஸ்' என்று போக வேண்டும். அங்கே 'ஆட்டோ ரெக்கார்ட் கால்ஸ்' இருக்கும். எல்லாக் கால்களும், சேமிக்காத நம்பர்கள் மட்டும், குறிப்பிட்ட நம்பர்கள் மட்டும் என்று மூன்று தேர்வுகள். ஃபைல்கள் 'மை ஃபைல்ஸ்' ஆப்பில், போனின் உள் சேமிப்பகத்தில் 'ரெக்கார்டிங்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் 'கால்' என்ற ஃபோல்டரில் கிடைக்கும். வெளிப்படையான ஃபைல்கள் என்பதால், கம்ப்யூட்டரில் ஒயரை மாட்டி மொத்தமாக இழுத்து எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு விஷயத்தில் கூகுளை விட சாம்சங் எனக்குப் பிடிக்கும்.

அமெரிக்காவிலிருந்து தம்பி வாங்கி அனுப்பிய சாம்சங்கில் இந்த வரியே இல்லாமல் இருக்கலாம். விற்பனைக்கு வந்த நாட்டைப் பொறுத்து வசதியை மூடி வைப்பார்கள். இங்கே சிம் மாற்றிப் போட்டதால் மட்டும் அது வந்துவிடாது.

ரியல்மி, ஒப்போ, ஒன்பிளஸில் சொந்த டயலர் இருந்தால் கிட்டத்தட்ட இதே வழிதான். பழைய ஷாவ்மி போன்களில் கம்பெனி டயலரின் பதிவுகள் 'எம்ஐயுஐ' ஃபோல்டருக்குள் 'சவுண்ட் ரெக்கார்டர்', அதற்குள் 'கால் ரெக்' என்று ஆழத்தில் கிடக்கும்.

இந்தச் சொந்த டயலர்கள் பெரும்பாலும் அறிவிப்புக் குரல் போடுவதில்லை. அப்படியானால் நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள். "கணக்கு மறந்துடும், ரெக்கார்ட் போட்டுக்கறேன்" என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஐபோனில்

2024 அக்டோபர் 28-இல் வந்த ஐஓஎஸ் 18.1 வரை ஐபோனில் சொந்த ரெக்கார்டிங்கே கிடையாது. இப்போது காலில் இருக்கும்போது, பதிப்பைப் பொறுத்து திரையின் இடது மேல் மூலையிலோ 'மோர்' என்பதற்குள்ளோ ஒலி அலை போன்ற குறி இருக்கும். தட்டினால் சில நொடிகள் எண்ணிவிட்டு, இருவருக்கும் கேட்கும்படி அறிவித்துவிட்டுத் தொடங்கும். பதிவு 'நோட்ஸ்' ஆப்பில், கால் ரெக்கார்டிங்ஸ் என்ற ஃபோல்டருக்குள் போய் உட்காரும். குறி தெரியவில்லை என்றால் செட்டிங்ஸில் 'ஆப்ஸ்', பிறகு 'போன்', அதற்குள் 'கால் ரெக்கார்டிங்' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். தானாகப் பதிவு செய்யும் வசதி இல்லை. ஒவ்வொரு தடவையும் தட்டியாக வேண்டும்.

பழைய ஐபோன்களுக்கு, மூன்றாவது ஒரு நம்பரைக் கான்ஃபரன்ஸில் சேர்த்துப் பதிவு செய்யும் ஆப்கள் உண்டு. உங்கள் பேச்சு யாரோ ஒருவருடைய சர்வரில் போய் நிற்கும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். 2021-இல் இப்படி ஒரு ஐபோன் ரெக்கார்டிங் ஆப்பில், அடுத்தவரின் போன் நம்பர் தெரிந்தாலே அவருடைய பதிவுகளைக் கேட்டுவிடலாம் என்ற ஓட்டையை இந்தியப் பாதுகாப்பு ஆய்வாளர் ஆனந்த் பிரகாஷ் கண்டுபிடித்தார். அந்தச் சேமிப்பில் 1,30,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன.

டயலரில் வசதியே இல்லாதவர்களுக்கு

இரண்டு வழிகள் இருக்கின்றன. அழகான வழி இல்லை, ஆனால் வேலை நடக்கும் வழி எது என்றால், இரண்டாவது போன். பேசுகிற போனை ஸ்பீக்கரில் போடுங்கள். வீட்டில் உள்ள இன்னொரு போனில் 'வாய்ஸ் ரெக்கார்டர்' ஆப்பை ஓட விட்டு, ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். அடியில் ஒரு துண்டை மடித்துப் போடுங்கள், மேசை அதிரும் சத்தம் பதிவாகாது. ஃபேனை நிறுத்துங்கள். இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். கேட்கும்போது நம் காது ஃபேன் சத்தத்தை ஒதுக்கிவிடும், மைக் ஒதுக்காது. ஒரு தடவை நான் எடுத்த பதிவில் எட்டு நிமிடமும் ஃபேன் சத்தத்தோடு குக்கர் விசில் மூன்று முறை கேட்டது. ஆள் என்ன சொன்னார் என்று ஊகிக்கத்தான் முடிந்தது.

வாட்ஸ்அப் காலுக்கும் இதே வழிதான். மேலே சொன்ன டயலர் வசதி எதுவும் வாட்ஸ்அப் காலைத் தொடாது. ஸ்கிரீன் ரெக்கார்டர் போட்டால் திரை பதிவாகும், எதிரில் பேசுபவர் குரல் பெரும்பாலும் வராது. என்னைக் கேட்டால், பணம் சம்பந்தப்பட்ட பேச்சு என்றால் "வாட்ஸ்அப்ல சரியா கேக்கல, சாதாக் கால்ல வாங்களேன்" என்று சொல்லிவிடுவது எல்லாவற்றையும் விடச் சுலபம்.

இரண்டாவது வழி, பிளே ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் ஆப்கள். க்யூப் ஏசிஆர் போன்றவை, அக்சசிபிலிட்டி அனுமதி வாங்கும் ஓர் உதவி ஆப்பைத் தங்கள் தளத்திலிருந்து தனியாகப் பதிவிறக்கச் சொல்லும். சில போன்களில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அந்த அனுமதி பெற்ற ஆப், உங்கள் திரையில் உள்ள எதையும் படிக்கலாம். வங்கி ஆப், ஓடிபி, எல்லாம். அறிந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தைத் தவிர வேறு எங்கிருந்தும் பதிவிறக்காதீர்கள். முக்கியமாக டெலிகிராம் குரூப்பில் வரும் 'ப்ரீமியம் மோட்' ஏபிகேக்களைத் தொடாதீர்கள். பெற்றோர் போனில் நான் இதைப் போட மாட்டேன்.

ஒன்று, இரண்டு, மூன்று சோதனை

எந்த வழியாக இருந்தாலும், நிஜமாகத் தேவைப்படும் முன் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். வீட்டில் யாரையாவது அடுத்த அறையிலிருந்து பேசச் சொல்லுங்கள். நீங்கள் ஒன்று, மூன்று, ஐந்து என்று சொல்லுங்கள். அவர் இரண்டு, நான்கு, ஆறு என்று சொல்லட்டும். முடித்துவிட்டுக் கேளுங்கள். ஒற்றைப்படை மட்டும் கேட்டால், உங்கள் பக்கம் மட்டும்தான் பதிவாகிறது, அந்த வழி உதவாது. இரட்டைப்படை மெலிதாகக் கேட்டால், காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இதை மூன்று விதமாகச் செய்ய வேண்டும். போனைக் காதில் வைத்து ஒரு தடவை, ஸ்பீக்கரில் ஒரு தடவை, ப்ளூடூத் ஹெட்செட் மாட்டி ஒரு தடவை. வெளி ஆப்கள் பெரும்பாலும் மூன்றாவதில்தான் கவிழும். எதிர்க்குரல் நேராக உங்கள் காதுக்குள் போய்விடுவதால் மைக்குக்கு எதுவும் கேட்காது. பைக் ஓட்டிக்கொண்டே ஹெட்செட்டில் பேரம் பேசுபவர்கள் கவனிக்கவும்.

பேசும் விதம்

பதிவு இருந்தும் பயன்படாமல் போவதற்குக் காரணம், பேச்சில் விஷயமே இல்லாதது. நாம் போனில் பேசுவது 'அது', 'அன்னிக்குச் சொன்னது', 'அதே ரேட்' என்றுதான் இருக்கும். ஆறு மாதம் கழித்துக் கேட்கும் மூன்றாவது ஆளுக்கு ஒன்றும் புரியாது. அதனால் காலின் கடைசி ஒரு நிமிடத்தை ஒதுக்கி, விஷயத்தைப் பெயரோடும் தொகையோடும் திருப்பிச் சொல்லி ஆமாம் போட வையுங்கள்.

அடுத்த வேலையாக சுற்றுச்சுவர் எடுத்தபோது, வேறு ஒரு மேஸ்திரியிடம் இப்படிப் பேசினேன்:

"மேஸ்திரி, தேதி பதினாலு. சுவர் அறுபது அடி நீளம், அஞ்சரை அடி உயரம், ரெண்டு பக்கமும் பூச்சு, கேட்டுக்கு ரெண்டு தூண், எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து எழுபத்தஞ்சாயிரம். சரியா?"

"ரெக்கார்ட் ஆகுதுன்னு ஒரு பொண்ணு சொல்லுச்சே சார்?"

"ஆமா மேஸ்திரி, எனக்கு மறந்துடும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அப்ப தூண் ரெண்டும் தனி சார். பதினாலாயிரம் வரும். அதையும் சேர்த்துச் சொல்லிடறேன்" என்றார்.

பதிவு ஆவது தெரிந்தால் ஆள் மழுப்பிவிடுவார் என்று பலர் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் கணக்கு தெளிவாகத்தான் வந்தது. அந்தத் தூண் விஷயம் சுவர் எழும்பிய பிறகு தெரிய வந்திருந்தால் இன்னொரு சண்டை.

ஃபைலை வைக்கும் முறை

கால் முடிந்ததும் அன்றே மூன்று காரியம். முதலில், ஃபைலை டயலரிலிருந்து வெளியே எடுத்து கூகுள் டிரைவிலோ கம்ப்யூட்டரிலோ போடுங்கள். அடுத்து, பெயர் வைப்பது. டயலர் கொடுக்கும் பெயரில் நம்பரும் நேரமும் கலந்து கிடக்கும். மூல ஃபைலை அப்படியே விட்டுவிட்டு, ஒரு நகலுக்கு மட்டும் '2025-03-14 மேஸ்திரி சுற்றுச்சுவர் தொகை' என்கிற மாதிரி பெயர் வையுங்கள். ஆண்டு முன்னால் வந்தால் பட்டியல் தானாகவே வரிசையாக நிற்கும். மூன்றாவதாக, நோட்டில் ஒரு வரி: எத்தனையாவது நிமிடத்தில் என்ன சொன்னார். இருபது நிமிடப் பதிவில் '12:40 தூண் தனி' என்று எழுதி வைத்தால் பிறகு தேட வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்வது பலருடைய பழக்கம். அப்படி அனுப்புவதாக இருந்தால் ஆடியோவாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். ஃபைல் மாறாமல் போகும். ஆரம்பத்தில் உள்ள "ஹலோ, சாப்டாச்சா" பகுதியை வெட்டி அழகு பார்க்காதீர்கள். வெட்டிய பதிவு என்றால் முதல் கேள்வியே வெட்டியதைப் பற்றித்தான் வரும்.

இடம் பற்றிக் கவலை வேண்டாம். தரம் அதிகமான 128 கேபிபிஎஸ் பதிவே ஒரு மணி நேரத்துக்கு 58 எம்பி அளவில்தான் வரும். பழைய ஏஎம்ஆர் வடிவத்தில் ஆறு எம்பியைக்கூடத் தொடாது. உங்கள் குடும்ப குரூப்பில் வரும் காலை வணக்கம் வீடியோக்கள் இதைவிட அதிகம் பிடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நான் வக்கீல் இல்லை. ஆனால் தீர்ப்புகளைப் படித்த வரையில் கோடு ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. நீங்கள் பேசும் காலை நீங்களே பதிவு செய்வது ஒன்று. அடுத்தவர்கள் இருவர் பேசுவதை ஒட்டுக்கேட்பது வேறு. இரண்டாவது குற்றம். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் 42-ஆவது பிரிவின்படி, அனுமதியின்றி தகவலை இடைமறித்தால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மனைவி போனிலோ மகள் போனிலோ ரகசியமாக ரெக்கார்டர் ஆப் போடுகிறவர்கள் இதைப் படித்துக்கொள்ளட்டும்.

முதலாவதற்கு 1972-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த மல்கானி வழக்கைத்தான் இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள். பம்பாயில் மரண விசாரணை அதிகாரியாக இருந்தவர் ஒரு டாக்டரிடம் லஞ்சம் கேட்ட விவகாரம். பேச்சில் ஒரு தரப்பாக இருந்த டாக்டரின் சம்மதத்தோடு போலீஸ் அவர் வீட்டுப் போனில் டேப் ரெக்கார்டரை மாட்டிப் பதிவு செய்தது. அதைச் சாட்சியமாக நீதிமன்றம் ஏற்றது.

கணவன் மனைவி விஷயத்தில் நீதிமன்றங்கள் இரு பக்கமும் பேசியிருக்கின்றன. மனைவியின் அந்தரங்கத்தை மீறி எடுத்த கால் விவரங்களை ஏற்க முடியாது என்று 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. 2025 ஜூலையில் விபோர் கர்க் வழக்கில், மனைவியோடு பேசியதைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்ததை விவாகரத்து வழக்கில் சாட்சியமாகக் கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சாட்சியமாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால், எல்லாவற்றையும் பதிவு செய்து வீட்டைக் கோர்ட்டாக்க வேண்டும் என்று அர்த்தமில்லை.

கோர்ட்டுக்குக் கொண்டுபோக, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். பழைய சட்டத்தில் 65பி என்று வக்கீல்கள் சொல்வார்களே, அதன் புது வடிவம். அதில் ஃபைலின் ஹாஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது ஃபைலின் கைரேகை மாதிரி. ஒரு நொடியை வெட்டினாலும் முழுவதும் மாறிவிடும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருள் இருந்தால், ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து எஸ்எச்ஏ-256 என்பதைத் தேர்ந்தெடுத்தால் 64 எழுத்துகளும் எண்களுமாக ஒரு வரி வரும். பெரிய தொகை சம்பந்தப்பட்ட பதிவு என்றால், ஃபைலை எடுத்த அன்றே அந்த வரியை உங்கள் ஈமெயிலுக்கு நீங்களே அனுப்பி வைத்துவிடுங்கள். பதிவு செய்த போனையும் விற்காமல் வைத்திருங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மேலே சொன்னது பொருந்தாது. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2021-ஆம் ஆண்டின் 34-ஆவது சட்டம், 44-ஆவது பிரிவின்படி, சம்மதமில்லாமல் உரையாடலைப் பதிவு செய்தால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறையோ, 1,50,000 முதல் 5,00,000 திர்ஹம் வரை அபராதமோ கிடைக்கலாம். அமீரகம், சவூதி, கத்தார், ஓமன், குவைத், பஹ்ரைன் நாடுகளில் ஐபோனின் ரெக்கார்டிங் குறியையே ஆப்பிள் தரவில்லை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியா, ஃபுளோரிடா போன்றவற்றில் பேசுகிற எல்லோரும் சம்மதிக்க வேண்டும்.

எதைப் பதிவு செய்வது, எதை அழிப்பது

மிரட்டல் கால் வந்தால் பதிவு செய்யுங்கள். கடன் வசூல் ஏஜென்ட் காலை எட்டு மணிக்கு முன்னாலோ இரவு ஏழுக்குப் பின்னாலோ அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதை மீறினால் பதிவோடு கால் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள், நேரம்தான் அங்கே சாட்சி. 'சிபிஐயிலிருந்து பேசுகிறோம், டிஜிட்டல் அரெஸ்ட்' என்று வந்தால் பதிவு செய்யக்கூட நிற்க வேண்டாம். அப்படி ஒரு கைது சட்டத்தில் இல்லை. காலை வெட்டிவிட்டு, பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறிக்கொண்டிருக்கும்.

மாதம் ஒரு தடவை பட்டியலைத் திறந்து, தேவையில்லாததை அழித்துவிடுங்கள். நண்பர் அழுதுகொண்டே பேசியது, அம்மா உடம்புக்கு முடியாமல் பேசியது, யாரோ ஒருவர் தவறுதலாக ஓடிபி சொல்லிவிட்டது, எல்லாம் அங்கே கிடக்கும். போனை விற்கும்போதோ சர்வீஸுக்குக் கொடுக்கும்போதோ முதலில் எடுக்க வேண்டியதும், எடுத்த பிறகு அழிக்க வேண்டியதும் இந்தப் பட்டியல்தான். போன் மெதுவாக இருக்கிறது என்று அக்கா மகனிடம் கொடுக்கும்போதும்.